வெதுவெதுப்பாக ஒரு கரகரப்பு

“இப்ப சொல்லு. இது நல்லாருக்கா, முன்னாடி வாசிச்சது நல்லாருந்ததா?”

“ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு.”

“சரியாக் கேளு. இது... இல்ல, அது?”

மனைவி கண்ணைத் திறக்காமலே சோபாவில் புரண்டு படுத்தாள். ஃப்ரிட்ஜ் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில், பகல் முழுக்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஊரார் வசவை எல்லாம் காதில் வாங்குகிற வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்தால் காதுக்குள் ஒரு ஈ எறும்புகூட நுழையக் கூடாது என்று நினைப்பவள். அவளுக்கு வாய்த்தவரோ தரையில் நாலு வயரைப் பரப்பி, நடுவில் குந்திக்கொண்டு, மடியில் கிட்டாரோடு இருந்தார்.

அவருக்கு மட்டும் என்ன, கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து, கண்முன் ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்தாலும் வாய் வேறெதையும் கேட்க மாட்டேன் என்கிறது.

எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி என்கிற பாஸ் இல்லை, பாட்டுக்கு அடியில் ‘தும் தும்’ என்று ஒலிக்கிற பாஸ் கிட்டாரை வாசிக்கிறார் என்பதால் வந்த பாஸ். கண்ணாடிக் கடை முதலாளிக்கு இதில் நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு. மற்றபடி கடையிலோ, வீட்டிலோ, பாட்டு ட்ரூப்பிலோ இவர் சொல்லி ஒரு நாற்காலி நகர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

ட்ரூப்புக்குத் தலைவர் டிரம்மர்தான். வேன் அவருடையது, வேறு தகுதி எதற்கு? பெரிய ஹோட்டல் ஒன்றில் சனிக்கிழமைதோறும் வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வருடம் பதிவு செய்த ஒரு பாட்டை அனுப்பிவைத்தார். ஹோட்டல் மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

“பாட்டு சுமார். பாடற அம்மாவும் சுமார். ஆனா அடியில ஒருத்தர் வாசிக்கிறாரே... கரகரன்னு, அதே சமயம் குளிருக்குப் போத்திவிட்ட மாதிரி வெதுவெதுன்னு. அந்தச் சத்தம் வேணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நேர்ல வந்து கேக்கறேன்.”

பாஸுக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ் கிட்டார் வாசிக்கிறவனை யாரும் கேட்பதில்லை. வாசிக்காமல் விட்டால்தான், “என்னமோ குறையுதே?” என்பார்கள். இத்தனை வருடத்தில் இப்போதுதான் ஒரு மனுஷன் காது கொடுத்துக் கேட்டிருக்கிறான். அந்தப் பதிவை அதற்குப் பிறகுதான் அவரே ஒழுங்காகப் போட்டுக் கேட்டார். கேட்டுக் கண் கலங்கிவிட்டார். அடடா, நானா இது!

“யோவ் பாஸ், எப்படிய்யா அந்தச் சத்தத்தைக் கொண்டு வந்த?” என்றார் டிரம்மர்.

“பெடல் வரிசைதான். அதுல ஒரு கணக்கு இருக்கு” என்றார் பாஸ்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உண்மையில் அன்றைக்கு எந்தப் பெடலை எங்கே வைத்தார் என்பது அவருக்கே நினைவில்லை. கடைக்கு நேரமாகிறதென்று, முதல் ஆளாக வாசித்துவிட்டு ஓடி வந்தவர் அவர்.

“அப்ப அதே கணக்கைப் போட்டுடு. இல்லேன்னா சங்கடம். கீபோர்டுக்காரர் இடது கையாலயே பாஸையும் சேத்து வாசிச்சுடறேங்கறார். வேன்ல ஒரு ஆள் குறையும்.”

அன்றிலிருந்து பாஸுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொருவருடைய இடது கையிடம் தோற்றுப் போவதா? அந்த ட்ரூப்பும் இல்லையென்றால் அவருக்கு வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடைதான், எழுத்துப் பலகைதான். நினைக்கவே பயமாக இருந்தது.

பெடல் என்பது காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டி. கிட்டாரிலிருந்து கிளம்பும் வயர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் புகுந்து புறப்பட்டு ஸ்பீக்கருக்குப் போகும். அவரிடம் இருந்தவை இரண்டு. ஒன்று ஓவர்டிரைவ், சத்தத்தைக் கரகரக்க வைக்கும். இன்னொன்று கம்ப்ரஸர், துள்ளுகிற சத்தத்தை அமுக்கி, பதுங்குகிற சத்தத்தைத் தூக்கிவிடும். எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் சூட்சுமம்.

கம்ப்ரஸரை முன்னால் வைத்தார். கரகரப்பு வந்தது, கனம் காணாமல் போனது. டின்னுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஓவர்டிரைவை முன்னால் வைத்தார். கனம் கொஞ்சம் வந்தது, கூடவே எங்கிருந்தோ ‘ஙொய்ய்’ என்று ஓர் இரைச்சலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

மச்சானிடம் யோசனை கேட்டார். மனைவியின் தம்பி அவன். ஒரு வாத்தியத்தையும் தொட்டதில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் வீடியோ பார்த்திருப்பான்.

“மாமா, ஓவர்டிரைவ் போட்டாலே அடிச் சத்தம் ஓடிடும். சுத்தமான சத்தத்தைத் தனி வழியில கொண்டுபோய்க் கடைசியில கலக்கணும். அதுக்குன்னே ஒரு பெடல் இருக்கு. அது போக, ஏத்தி இறக்க ஒண்ணு. ஒரு பாதுகாப்புக்கு இன்னொண்ணு. என் ஃப்ரெண்டுகிட்ட இருக்கு, வாங்கி அனுப்பறேன்.”

இரண்டு ஐந்தாயிற்று.

“சைக்கிளுக்கே ரெண்டு பெடல்தான். நீங்க எந்த ஊருக்குப் போகப் போறீங்க?” என்றாள் மனைவி.

ஐந்து பெட்டிக்கும் ஐந்து அடாப்டர். ஹாலில் இருந்த ஒரே பிளக்கில் நீட்டிப்புப் பெட்டி ஒன்றைச் சொருகி, அதில் இன்னொன்றைச் சொருகி, எல்லாவற்றையும் மாட்டிவிட்டு பாஸ் ஒரு கம்பியைத் தட்டினார்.

“...வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும்” என்றது ஸ்பீக்கர்.

ஏதோ ஒரு வானொலி நிலையம் வயர் வழியாக உள்ளே வந்துவிட்டது. எந்தப் பெடலை மிதித்தாலும் அறிக்கை வாசித்த அந்த அம்மாள் போகவில்லை. ஓவர்டிரைவை மிதித்தபோது மட்டும் கோபமாக வானிலை சொன்னாள்.

“உங்க ட்ரூப் அம்மாவுக்கு இவங்க தேவலை” என்றாள் மனைவி.

வயர்களைத் திருப்பி மாற்றிப் போட்டதில் ஒருவழியாக வானிலை ஒழிந்தது. இரைச்சல் ஒழியவில்லை. இரண்டு கையும் வயருக்குள் சிக்கியிருந்ததால், மச்சானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். மனைவி போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள்.

“மாமா, இரைச்சல் இங்க வரைக்கும் கேக்குது. கம்ப்ரஸர்தான். சந்தேகமே வேணாம். அந்தக் கம்ப்ரஸரை ஆஃப் பண்ணிட்டு வாசிங்க” என்று கத்தினான் மச்சான்.

பாஸ் காலால் பெடலை மிதித்தார். அதே நொடியில் இரைச்சல் பட்டென்று நின்றது. வீடே கழுவி விட்டாற்போல ஆயிற்று. அவர் வாசித்தார். வெதுவெதுப்பு! கரகரப்பு! கிட்டத்தட்ட அதேதான்!

“உன் தம்பி மூளைக்காரன்டி!” என்று கூவினார்.

மனைவிக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. எந்தத் திருகு எந்த இடத்தில் நிற்கிறது என்று மறந்துவிடாமலிருக்க, அவளுடைய நகப்பூச்சை வாங்கி, ஐந்து பெட்டியிலும் ஒவ்வொரு திருகின் எதிரிலும் சிவப்புப் புள்ளி வைத்தார் பாஸ். பல நாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

காலையில் பால் திரிந்திருந்தது. மாவு பொங்கி அடுத்த தட்டுக்கு இறங்கியிருந்தது. ஐஸ் எல்லாம் உருகி அடுப்படியில் குளம் கட்டியிருந்தது.

“ஃப்ரிட்ஜ் ஏன் ஆஃப்ல இருக்கு?” என்றார் பாஸ்.

“தம்பிதானே கம்ப்ரஸரை ஆஃப் பண்ணச் சொன்னான்? நான்தான் பண்ணினேன்.”

“அவன் சொன்னது பெடல் கம்ப்ரஸரை!”

“எனக்கென்ன தெரியும்? நாள் முழுக்க எத்தனை பேர்கிட்ட கம்ப்ரஸர் பத்திப் பேசறேன். ஒருத்தர்கூட அதைக் காலால மிதிச்சதாச் சொன்னதில்லை.”

பாஸ் ஃப்ரிட்ஜைப் போட்டார். ‘ஙொய்ய்’ என்றது ஸ்பீக்கர். ஃப்ரிட்ஜை அணைத்தார். வெதுவெதுப்பாக ஒலித்தது கிட்டார். ஆக, பெடலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் வீண். ஹோட்டலில் எத்தனை ஃப்ரிட்ஜ் இருக்குமோ?

மனைவி கையில் துடைக்கிற துணியோடு எதிரே வந்து நின்றாள்.

“எனக்கு ஒண்ணு தெரியணும். இந்த வீட்டுல ஃப்ரிட்ஜ் வேணுமா, கிட்டார் வேணுமா? நிதானமாப் பாத்துச் சொல்லுங்க. இது... இல்ல, அது?”

அவர் துணியை வாங்கிக்கொண்டு தண்ணீரைத் துடைக்க உட்கார்ந்தார்.

கடையிலும் புத்தி பெடலிலேயே கிடந்தது. ஒரு அம்மாளுக்கு வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, “இதுல கரகரப்பு ஜாஸ்தியா, அதுல ஜாஸ்தியா?” என்று கேட்டுவிட்டார்.

“அட, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ரெண்டு நாளா கண்ணு கரகரன்னுதான் இருக்கு. மணல் போட்ட மாதிரி!” என்றாள் அந்த அம்மாள்.

முதலாளி பூரித்துப் போய், “நம்ம பாஸுக்குக் கண்ணைப் பாத்தாலே தெரிஞ்சுடும்” என்று வாசல் வரை போய் வழியனுப்பினார். பாஸுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மதியம் ரெக்கார்டிங்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர் அவர்தான். சந்துக்குள் ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு, தனி ஆளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர்.

“அன்னைக்கு என் பெடல்ல எது முன்னாடி இருந்தது? உங்களுக்கு ஞாபகம் இருக்குமே?”

“ஹலோ? ஹலோ? சரியாக் கேக்கல பாஸ்.” வைத்துவிட்டார்.

மறுபடி போட்டார்.

“அதெல்லாம் தானா அமைஞ்சது பாஸ். கடவுள் புண்ணியம். அதைப் போய் நோண்டிக்கிட்டு...” மறுபடியும் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை, டிரம்மரின் வேன் நிற்கும் கொட்டகையில் ஒத்திகை. பாஸ் ஐந்து பெடலையும் ஒரு பலகையில் ஒட்டி எடுத்துப் போயிருந்தார். ஒரு வரிசையில் வாசித்தார். மாற்றி வாசித்தார். நடுவில் இருப்பதைக் கடைசிக்குக் கொண்டுபோய் வாசித்தார்.

“யோவ், ஆறிப் போன கஞ்சியாட்டம் இருக்குய்யா” என்றார் டிரம்மர்.

இன்னும் கொஞ்சம் திருகினார்.

“இப்ப கஞ்சியில கல்லு.”

கீபோர்டுக்காரர் பெரிய மனது பண்ணி, “நான் சும்மா ஒரு தடவை...” என்று இடது கையால் பாஸ் பகுதியை வாசித்துக் காட்டினார். ஒரு பிசிறு இல்லை. வலது கைக்கு வேலை இல்லாததால் அந்தக் கையால் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார். பாஸுக்கு அதைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது.

“நாளைக்கு நாலு மணிக்கு மேனேஜர் வர்றார். நீயா, அவர் இடது கையா, அப்ப பாத்துக்கலாம்” என்றார் டிரம்மர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பாஸை இன்னும் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு நேராக அந்தச் சந்துக்குப் போய்விட்டார். ரெக்கார்டிங்காரர் கதவைத் திறந்தார், இவரைப் பார்த்தார், மூடப் பார்த்தார். பாஸ் பலகையை இடையில் கொடுத்துவிட்டார்.

“என்னை விரட்டாதீங்க. நாலு மணிக்கு மேல எனக்கு ட்ரூப் இல்ல. வீட்டுல ஃப்ரிட்ஜ் இல்ல. உங்களை விட்டா எனக்கு ஆள் இல்ல.”

ரெக்கார்டிங்காரர் அவரை உள்ளே விட்டு, ஸ்டூலைப் போட்டு, கம்ப்யூட்டரைத் தட்டினார். டிரம்ஸை அடைத்தார். கீபோர்டை அடைத்தார். பாடுகிற அம்மாளை அடைத்தார். அடியில் இருந்தது மட்டும் தனியாக ஓடியது.

என்ன கனம்! என்ன கதகதப்பு! ஒவ்வொரு ஸ்வரமும் நெஞ்சுக்குள்ளிருந்து புறப்பட்டு வருகிற மாதிரி இருந்தது. பாஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வாரக் களைப்பும் இறங்கிப் போனது. ஏதோ ஒரு வரிசையில், ஏதோ ஒரு நாளில், இந்தக் கையால் இதைச் செய்திருக்கிறாரே! அது போதாதா ஒருத்தனுக்கு?

“அங்கங்க மூச்சு விடற மாதிரியே இருக்கு பாருங்க. அதான் கை சுத்தம்ங்கறது” என்றார்.

ரெக்கார்டிங்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க, போயிடறேன். ரெண்டு வரிக்கு ஒரு தடவை ‘ஸ்ர்ர்’னு ஒண்ணு உள்ளே இழுக்குதே... அது ஓவர்டிரைவா, கம்ப்ரஸரா?”

ரெக்கார்டிங்காரர் எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தார்.

“வெளியில சொல்லிடாதீங்க பாஸ். அன்னைக்கு நான் கம்ப்யூட்டருக்கு வர்ற உங்க வயரைச் சொருகவே மறந்துட்டேன், நீங்களும் கடைக்குக் கிளம்பிப் போயிட்டீங்க, வேற வழியில்லாம நானே மைக் முன்னாடி நின்னு முழுப் பாட்டையும் ‘தும் தும்’னு வாயாலயே போட்டேன்... அப்ப எனக்கு நல்ல சளி.”