பதினோரு விநாடித் தாமதம்

அன்பும் பொறுப்பும் ஒருங்கே அமைந்திருக்க வேண்டிய மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். தங்கள் தந்தையார், அதாவது என் மாமனார், இடது முட்டியைத் தவிர மற்றெல்லாப் பாகங்களிலும் நலம். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாகவே இருப்பீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பதினோரு வாரங்களாக நலக்குறைவு உண்டாக்கும்படி எதுவும் தங்கள் வீட்டில் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் இங்கேதான்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று தங்களுக்குத் தோன்றும். தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "புரிஞ்சுது அத்தான், புரிஞ்சுது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, மூன்றாவது வாக்கியத்தில் "என்ன சொன்னீங்க?" என்று கேட்பது தங்கள் வழக்கம். கடிதத்தில் அந்த வசதி இல்லை. இன்னொன்று, 'தாங்கள்' இத்துடன் போதும். பள்ளிக்கூடச் சட்டையின் கைப்பகுதியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற காலத்திலிருந்தே உன்னை எனக்குத் தெரியும்.

விஷயம், நீ செய்து அனுப்பிய விளையாட்டுப் பெட்டியைப் பற்றியது. உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் பலகை ஒன்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் திருகி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஒயர்களை வெளியே இழுத்துவிட்டு, முப்பது வருஷத்துக்கு முந்தைய வீடியோ கேம்கள் இருநூற்றுப் பன்னிரண்டை மெமரி கார்டில் ஏற்றி, "டிவில சொருகிட்டா போதும் அத்தான், அப்பா பாட்டுக்கு விளையாடிக்கிட்டிருப்பார், உங்க பக்கமே வர மாட்டார்" என்று நீ அக்காவிடம் சொல்லி அனுப்பினாயே, அதே பெட்டி. அது வந்தபோது மாமாவுக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்து ஆறு நாள். அவர் இங்கே மூன்று வாரம் இருப்பார், பிறகு உன் வீட்டுக்கு வந்துவிடுவார் என்பது பேச்சு. மூன்றாவது வாரம் உன் அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதானது. இன்றைக்குப் பதினோராவது வாரம். லிஃப்ட்டையே புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று தெரியவில்லை. மாமா என் வேலை அறையில் படுத்திருக்கிறார். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பூச்சிகளைப் பற்றிய தொள்ளாயிரம் பக்கப் புத்தகம் ஒன்றுக்குச் சொல்லடைவு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பூச்சி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கடைசியில் அகரவரிசையில் அச்சாகுமே, அதுதான் என் தொழில் என்பது உனக்கு நினைவிருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், "அந்த வேலையை இப்ப கம்ப்யூட்டரே பண்ணிடாதா அத்தான்?" என்று நீதான் கேட்டாய். எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. உன் இலைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதுகூட.

பெட்டிக்கு வருகிறேன். மெனு நகரவில்லை. திரையில் ஆட்டங்களின் பட்டியல் வருகிறது. ஜாய்ஸ்டிக்கில் கீழ்நோக்கிய பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. சரியாக அழுத்தவில்லையோ என்று இன்னொரு முறை அழுத்துகிறோம், அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது முறை கொஞ்சம் கோபத்தோடு அழுத்துகிறோம். அப்போது மேசையில் குவிந்த மனுக்களையெல்லாம் ஓய்வு பெறும் நாளன்று ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுத் தள்ளும் அதிகாரியைப் போல மூன்று அழுத்தலுக்கும் சேர்த்து ஒரே தாவலாகத் தாவி, நமக்கு வேண்டிய ஆட்டத்தைக் கடந்து கீழே போய் நின்றுகொள்கிறது. மேலே போக வேண்டுமானால் மறுபடியும் முதலிலிருந்து. மாமாவுக்கு வேண்டியதோ ஒரே ஓர் ஆட்டம், தண்டவாளங்களை மாற்றி மாற்றி ரயில்களை மோதாமல் கொண்டுபோகிற ஆட்டம். முப்பத்தாறு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர் வேறு எதை ஆடுவார்? அந்த ஆட்டத்தை எட்டுவதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது, அல்லது மாத்திரை வேளை வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் "மாப்பிள்ளை, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று குரல் வருகிறது. நான் மின்மினியை விட்டுவிட்டு எழுந்து போகிறேன். திரும்பி வரும்போது எந்தப் பக்கத்து மின்மினி என்பது மறந்துபோகிறது.

உன் ஆலோசனைகள் ஒவ்வொன்றும் உன் அக்கா வழியாக வந்து சேர்ந்தன, ஒவ்வொன்றையும் செய்தோம். முதலில் "மொபைல் சார்ஜர்ல போட்டிருப்பார், அதுக்கு கரண்ட் பத்தாது" என்றாய். மொபைல் சார்ஜரில்தான் போட்டிருந்தேன். நீ சரியாக ஊகித்தது எனக்கு எவ்வளவு கசந்தது என்று சொல்லத் தேவையில்லை. அதற்குரிய சார்ஜரை வாங்கி மாட்டினேன். மின்சாரம் போதவில்லை என்று திரையின் மூலையில் அடிக்கடி வந்துகொண்டிருந்த மின்னல் குறி போனது, தாமதம் போகவில்லை. அடுத்து "சூடாகுது போல, மூடியைத் திறந்து வைங்க, காத்து படட்டும்" என்றாய். மேசை மின்விசிறியை டப்பாவுக்கு நேராகத் திருப்பினேன். டப்பா குளிர்ந்தது, நாங்கள் மூவரும் வியர்த்து உட்கார்ந்திருந்தோம். "ஆபரேஷன் ஆனது யாருக்கு மாப்பிள்ளை, எனக்கா அதுக்கா?" என்று மாமா கேட்டார். அப்புறம் மெமரி கார்டு மட்டமானது என்று சொன்னாய். நீ போட்டு அனுப்பிய கார்டை நீயே மட்டம் என்று சொன்னதற்கு என் பாராட்டுகள். புதிய கார்டு வாங்கி, ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். பதினோரு விநாடித் தாமதம் பத்தானது. கடைசியாக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்தில் தோன்றும் அட்டைப் படத்தை நிறுத்தச் சொன்னாய். நிறுத்தினேன். பத்து ஒன்பதானது.

விநாடிக் கணக்கெல்லாம் என்னுடையதல்ல, மாமாவுடையது. பெட்டி வந்த நாளிலிருந்து ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வருகிறார். பட்டன் அழுத்திய நேரம், மெனு நகர்ந்த நேரம், தாமதம், காரணம் என்று நான்கு கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் நான் எட்டிப் பார்த்த நாளெல்லாம் ஒரே சொல்தான், 'சிக்னல்'.

"பெட்டிக்கு ஏது மாமா சிக்னல்?" என்றேன்.

"வேற என்ன எழுதறது மாப்பிள்ளை? கட்டம் காலியா இருக்கக் கூடாது."

இவரோடு பேசி ஜெயிக்க முடியாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் பேச முதன்முதலாக அவரைப் பார்க்கப் போனபோது நான் கால் மணி நேரம் தாமதமாகப் போனேன். அன்று மாலையே "நல்ல பையன்தான், ஆனா லேட்டா கிளம்புற வண்டி" என்று சொல்லிவிட்டார். இன்றுவரை உங்கள் குடும்பத்தில் எனக்கு 'லேட் வண்டி' என்றுதான் பெயர். உன் மனைவியின் தொலைபேசியில் என் எண் அந்தப் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மேசைமேல் கிடந்தபோது அழைத்துப் பார்த்தேன்.

நடுவே ஒரு நாள் அக்காவிடம், "அத்தான் அதுல எதையாவது மாத்தினாரா?" என்று கேட்டாயாம். நான் எதையும் மாற்றவில்லை. நீ எல்லா ஆட்டங்களையும் ஒரே குவியலாகக் கொட்டி வைத்திருந்தாய்; படித்த மனிதன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கார்டை என் கம்ப்யூட்டரில் போட்டு முறையாக ஓர் அடைவு செய்தேன். ஆட்டத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு, 'ஓடுதல், நிலத்தில்', 'ஓடுதல், நீருக்கடியில்', 'வீழ்தல், குழியில்', 'கதாநாயகன், தொப்பியுள்ள', 'கதாநாயகன், தொப்பியற்ற', 'விலங்குகள், நட்பான' என்று தலைப்புவாரியாகப் பிரித்து, ஓர் ஆட்டம் எத்தனை தலைப்புக்குப் பொருந்துமோ அத்தனை தலைப்பின் கீழும் அதை வைத்தேன். நல்ல அடைவு என்றால் வாசகர் எந்த வாசல் வழியாக வந்தாலும் பொருள் கிடைக்க வேண்டும். மூன்று நாள் வேலை. ஆகவே அக்காவிடம், "மாத்தலை, ஒழுங்குபடுத்தினேன்" என்று சொன்னேன். அவள் உன்னிடம், "ஒண்ணும் மாத்தலையாம்டா" என்று சொன்னாள். அதுவும் சரிதான்.

அப்போதும் நீ விடவில்லை. "நல்லா கேட்டுப் பாருக்கா, அவர் ஏதோ பண்ணியிருக்கார்" என்று நீ சொன்னது போனுக்கு வெளியே எனக்கே கேட்டது. அந்த நேரத்தில் மாமா கையை நீட்டிப் போனை வாங்கி, "டேய், நீ செஞ்ச டப்பாவுலதான் கோளாறு. மாப்பிள்ளை சரியாத்தான் வச்சிருக்கார். வாயை மூடிக்கிட்டு வேற வழியைப் பாரு" என்றார். நீ அப்படியே அடங்கிப்போனாய். இருபத்திரண்டு வருஷத்தில் மாமா என் பக்கம் பேசிய ஒரே சந்தர்ப்பம் அது. உண்மை எப்பேர்ப்பட்டவரையும் பேச வைத்துவிடும்.

ஆக, பிழை பெட்டியில் இருக்கிறது, பெட்டி உன்னுடையது. பெட்டி வந்தது மாமாவுக்காக, மாமாவும் உன்னுடையவர். இரண்டையும் ஒருசேர நீ எடுத்துச்செல்வதுதான் முறை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி அமர்த்திக்கொண்டு வந்து அழைத்துப்போ. நான்கு மாடி ஏறுவது அவருக்குச் சிரமம் என்றால் நாற்காலியில் வைத்துத் தூக்க இரண்டு பேரை ஏற்பாடு செய். பூச்சிகளின் சொல்லடைவை மாதக் கடைசிக்குள் நான் கொடுத்தாக வேண்டும். இன்னும் 'ம' வரிசையிலேயே நிற்கிறேன்.

உனக்கும் உன் மனைவிக்கும் எல்லா நலன்களும் பெருகட்டும். வயதில் மூத்தவன் என்ற முறையில் என் ஆசிகள். அக்கா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
பொறுமையின் எல்லையில் நிற்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகு, மாமாவின் நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களை ஆதாரமாக இணைத்தால் நீ மறுபேச்சுப் பேச முடியாது என்று தோன்றியது. போய்க் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை" என்று மழுப்பினார். விடாப்பிடியாக நின்றேன். கொடுக்கும்போது, "எந்த ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கீங்க?" என்றார். கடிதத்தைப் பற்றி நான் அவரிடம் மூச்சுவிட்டிருக்கவில்லை. வருகிற ஞாயிறுதான் என்றேன். "காலையிலயா, மத்தியானமா?" நேரம் குறிப்பிடவில்லை என்றேன். "போட்டுடுங்க. நான் கிளம்பித் தயாரா இருக்கணும்ல" என்றார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முதல் மூன்று நாட்களுக்குத் தாமதம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. நான்காம் நாள் காலையில் பெட்டி ஓடவேயில்லை. கார்டு என்னிடம் இருந்தது. அப்படியே மூன்று நாள். கார்டைத் திருப்பி மாட்டிய ஏழாம் நாளிலிருந்து பதினோரு விநாடி. கார்டைக் கழற்றி எண்ணிப் பார்த்தேன். நீ அனுப்பிய ஆட்டங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. என் அடைவில் இருப்பவை நாலாயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு. அந்தச் சின்னப் பலகை ஒவ்வொரு முறையும் இத்தனையையும் சுமந்துகொண்டுதான் ஒரு படி இறங்கியிருக்கிறது.

நோட்டோடு அறைக்குள் போனேன். "மாமா, இது உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் நாள் தவறாம சிக்னல்னு எழுதினீங்க?"

"டிரைவர் பேரை எழுதினா விசாரணை வரும் மாப்பிள்ளை. சிக்னல்னு எழுதினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சர்வீஸ் முழுக்க அப்படித்தான் எழுதினேன்."

"இங்க யாரு மாமா விசாரணை பண்ணப் போறாங்க?"

"என் பையன்தான். அவன் வாய் உங்களுக்குத் தெரியாததா? பந்தியில அவன் கேட்ட ஒரு கேள்விக்கு ஏழு வருஷமா நீங்க அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. இதையும் சொல்லிக்காட்டினான்னா இன்னொரு ஏழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் யாரு உக்காந்து பாத்துக்கிட்டிருக்கிறது?"

மின்விசிறியை டப்பாவிலிருந்து அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

தலைப்புகளையெல்லாம் நீக்கிவிட்டேன். மெனு விரலுக்கு முன்னால் ஓடுகிறது. இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மாமா மூன்று முறை கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன். நீ என்ன சொல்ல வேண்டுமோ அதை நேரில், ஒரே ஒரு முறை சொல்லி முடித்துக்கொள். நான் எழுந்து போக மாட்டேன். "லெட்டரைக் கிழிச்சுட்டு வேற எழுதுங்களேன்" என்கிறாள் உன் அக்கா. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. மேலே பெட்டியைக் குறை சொன்ன இடங்களையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உன்னைக் குறை சொன்ன இடங்கள் அப்படியே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா. காலையிலேயே வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வண்டியும் வேண்டாம், நாற்காலி தூக்க ஆட்களும் வேண்டாம். மாமாவின் மற்றத் துணிகளையும் இன்னொரு மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வா. அலமாரியில் அவருக்கு மூன்று தட்டுகளைக் காலி செய்துவிட்டேன். நான்காவதைக் கேட்க வேண்டாம் என்று நீயே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. என்னிடம் கேட்டால் கொடுத்துவிடுவேன் போலிருக்கிறது.