ஒரு சாண் உயரத்துத் தொட்டி

மேலகரம்,
12-7-1963

அன்புள்ள நமசிவாயம் அண்ணனுக்கு,

தங்கை மங்களேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சென்னை வெயிலைச் சமாளித்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்களென்று நம்புகிறேன். இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். மாடிக் குளியலறை ஷவர் மட்டும், நீங்கள் கடிதத்தில் சொன்ன மூன்று வைத்தியமும் பார்த்த பிறகு, படுத்த படுக்கையாக இருக்கிறது.

ஒரு ஷவருக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று நினைப்பீர்கள். வருஷா வருஷம் சீசனுக்கு என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இங்கே வந்து இறங்குவதும், அவர்களை நான் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போவதும் பதினெட்டு வருஷமாக நடக்கிறது. பெண்கள் பக்கம் உள்ளே நுழைவதற்குள் ஒருத்தியின் முழங்கை, இன்னொருத்தியின் தலை எண்ணெய், மூன்றாமவளின் சோப்பு எல்லாம் என்மேல் வந்துவிடும். அருவி மட்டும் வராது. கதவைச் சாத்திக்கொண்டு, தலையில் தண்ணீர் விழ விழ, நான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்கே கேட்கும்படி தனியாக நிற்க வேண்டும். பி.ஏ. படித்து நாற்பத்து மூன்று வயதான ஒருத்திக்கு ஆசை இவ்வளவுதான். கிணற்றில் மோட்டாரும் மொட்டைமாடியில் தொட்டியும் அதற்காகத்தான். ஆனால் ஷவரைத் திறந்தால் ஏழு சொட்டு. வெளியே சாரலில் குடையில்லாமல் நின்றால் இதைவிடச் சீக்கிரம் நனையலாம்.

கிணற்று உப்பு ஷவரின் கண்களை அடைத்திருக்கும், கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறவையுங்கள் என்று முதலில் எழுதினீர்கள். ஊறவைத்தோம். வேலைக்கு வரும் உலகம்மாள், "முறுக்கு அச்சை யாரும்மா புளியில போட்டது?" என்று அதை விளக்கிப் பலகாரச் சாமான்களோடு பரணில் ஏற்றிவிட்டாள். இரண்டு நாள் தேடி எடுத்து மாட்டினோம். ஷவர் பளபளத்தது, தண்ணீர் அதே ஏழு சொட்டு. அடுத்து, குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும் என்றீர்கள். என் வீட்டுக்காரர் சைக்கிள் பம்பை ஷவர் குழாயில் சொருகி ஓங்கி அடித்தார். காற்று எந்த வழியாகப் போயிற்றோ, கீழே அடுக்களைக் குழாய் திடீரென்று சீறி, சோறு வடித்துக்கொண்டிருந்த உலகம்மாளை நனைத்துவிட்டது. "ஐயாவுக்கு என்மேல கோவம்னா வாயால சொல்லட்டும், பம்பு வச்சா அடிக்கது" என்று அவள் அன்று மாலை வேலைக்கு வரவில்லை. பிறகு, குழாய் சன்னம், பெரிதாக மாற்றுங்கள் என்றீர்கள். தென்காசியிலிருந்து குழாய் வேலை பார்க்கும் பிட்டர் கிதிர் முகம்மது வந்து, சுவரை உடைத்துப் பெரிய குழாய் பதித்தார். ஏழு சொட்டு ஒன்பதானது. எல்லாம் முடிந்த பிறகு அவர் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி, என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"குழாய் மேல குத்தமில்ல அண்ணாச்சி. ஐந்தருவி எங்கனருந்து விழுது? மலை மேலருந்து. உங்க தொட்டி ஷவருக்கு மேல ஒரு சாண்ல உக்காந்திருக்கு. தண்ணி விழுகதுக்கு எடம் வேணாமா?"

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா வே?"

"கேட்டியளா? குழாயை மாத்தச் சொன்னிய, மாத்துனேன்."

"பிளான் போட்டது இன்ஜினியர் மச்சினன்லா."

"அவுக சென்னையில இருந்துல்லா போட்டாக. அங்கன மலை ஏது?"

அதனால் நாளை முதல் செங்கல் தூண் கட்டித் தொட்டியைத் தூக்கப் போகிறார்கள். பதினைந்தாம் தேதி விருந்தாட்கள் வந்துவிடுவார்கள். நீங்கள் லீவு போட்டு உடனே புறப்பட்டு வந்து, தண்ணீர் எவ்வளவு வேகமாக விழ முடியுமோ அவ்வளவு வேகமாக விழும்படி கணக்குப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். வராவிட்டால் உங்கள் பிளானைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் வரைந்தவர் பெயரைச் சொல்லுவேன்.

இலஞ்சி முருகன் உங்கள் எல்லோருக்கும் துணை நிற்கட்டும். மதினிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பிரியமுள்ள தங்கை,
மங்களேஸ்வரி

பி.கு.: விருந்தாட்கள் வந்த அமளியில் இந்தக் கடிதம் பத்து நாள் தபாலில் சேராமலே கிடந்தது. நீங்கள் வர வேண்டாம். தொட்டி ஆறடி உயர்ந்துவிட்டது. முதல் நாள் கால் மணி நேரம் நின்றேன். அந்தக் கால் மணி நேரமும் உலகத்தில் வேறு யாரும் இல்லை. மறுநாள் நாத்தனார் முத்துவடிவு குளித்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணிய வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு எதுக்கு மதினி அருவிக்கு அலையணும்?" என்றாள். அன்றிலிருந்து பதினான்கு பேரும் துண்டோடு மாடிப்படியில் வரிசை. ஊருக்குத் திரும்புகிற பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. எனவே, தொட்டி வாயில் கிதிர் முகம்மது புதிதாக வைத்த வால்வை மூன்று நாளைக்கு முன் முக்கால் பங்கு மூடி, அதைத் திருகும் பிடியைக் கழற்றி என் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஷவர் பழையபடி சொட்டுகிறது; எல்லோரும் அருவிக்குப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் காரணம் கேட்டு உங்களுக்கு எழுதுவார். புரியாத இங்கிலீஷில் நாலு வரி பதில் போட்டுவிடுங்கள். நீங்கள் எழுதினால் நம்பிவிடுவார். என்ன பழுதென்று பார்ப்பதற்காக நான் தினமும் விடியற்காலையில், எல்லோரும் எழுந்திருப்பதற்கு முன், மாடிக்குப் போகிறேன். தலையை நன்றாகத் துவட்டிவிட்டுத்தான் இறங்கி வருகிறேன்.