அத்தான் பட்டறைச் சுவரில் நான் வரைந்த நாற்பத்தேழு படங்கள்

சுத்தம் சோறு போடும் என்று முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும், ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தவராக இருக்க முடியாது. எங்கள் வீட்டில் சுத்தம் சோறு போடவில்லை. இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு போயிற்று. (சோறு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் மரவள்ளிக்கிழங்கு, மீதி இரண்டு நாள் மரவள்ளிக்கிழங்கு மாவு.) அந்தச் சுத்தத்தைச் செய்த பாவி நான்தான். எனக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. இதை மறைத்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. மறைக்கவும் எங்கள் குடும்பத்தில் யாரும் விடமாட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்தொன்று. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறியவன். வெள்ளைக்காரன் ஓடிப்போனதோடு என் குமாஸ்தா வேலையும் ஓடிப்போனது. பாக்கியம் அக்கா வீட்டில் தங்கி, மூன்று வேளையும் கிழங்கு தின்றுகொண்டு, மாலையில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாற்பத்தாறு எழுத்தையும் ஒன்பது நாளில் மனப்பாடம் செய்தவன் வகுப்பில் நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குற்றப் பத்திரிகையின் முதல் வரி இது.

அக்காவின் கணவர் நடேசன் அத்தான் நல்ல மெக்கானிக். போருக்கு முன் அவர் வேலை பார்த்த கார் பட்டறையின் துரை, கப்பலேறும் அவசரத்தில் நான்கு மின்சாரக் கருவிகளை அவரிடம் கொடுத்து, "நீயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரிய டிரில் ஒன்று, சின்ன டிரில் ஒன்று, சாணை மிஷின் ஒன்று, உலைக்குக் காற்று ஊதும் மோட்டார் ஒன்று. பெட்ரோல் இல்லாத காலத்தில் காருக்கு ஏது வேலை? அத்தான் வீட்டுக் கார் கொட்டகையைப் பட்டறையாக்கினார். கரியில் ஓடும்படி லோரிகளை மாற்றுவது, மண்ணெண்ணெய்த் தகரத்தில் துளை போட்டுக் கிழங்கு சீவும் பலகை செய்வது, மண்வெட்டி தீட்டுவது என்று அந்த நான்கு மிஷின்களும் எங்கள் வீட்டின் ஏழு வயிற்றையும் காப்பாற்றின. கூலியாகக் கிழங்கு வரும், தேங்காயெண்ணெய் வரும், ஒருமுறை அரை முயல் வந்தது. (மீதி அரை முயல் எங்கே என்று நான் கேட்டேன். அக்கா முறைத்தாள்.)

ஆனால் அந்தக் கொட்டகை இருந்த கோலம்! டிரில் ஒரு சாக்குக்குள், சாக்கு ஒரு டயருக்குள், டயரின்மேல் கிழிந்த மெத்தை. குறடு கேட்டால் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு குப்பைக்குள் கையை விட்டு எடுப்பார். வேறு யார் கையை விட்டாலும் தேள்தான் வரும்.

ஊரில் அப்போது சிப்பாய்கள் வீடு வீடாக வந்து இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தோடு அதை ஓட்டத் தெரிந்தவனையும் சேர்த்துத் தூக்கினார்கள். தூக்கப்பட்டவர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனதாகக் கேள்வி. திரும்பி வந்ததாகக் கேள்வியில்லை. ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். ஒருவன் எட்டிப் பார்த்தான். மற்றவன் உள்ளே கால் வைத்தான், ஆணியில் வைத்தான். நொண்டிக்கொண்டே வெளியே வந்து காறித் துப்பிவிட்டுப் போய்விட்டான். மொத்தம் இரண்டு நிமிடம்.

அக்கா சாமிப் படத்துக்கு விளக்கேற்றினாள். அத்தான் பீடி பற்ற வைத்தார். எனக்கு மட்டும் மானம் போய்விட்டது.

"அந்நியன் ஒருத்தன் நம்ம வீட்டைப் பார்த்துத் துப்பிட்டுப் போறான். உங்களுக்கு வெக்கமா இல்லையா அத்தான்?"

"துப்பினாத் தொடைச்சிக்கலாம்டா. தூக்கிட்டுப் போனா?"

"படிச்சவன் இருக்கிற வீடு மாதிரியா இருக்கு?"

"படிச்சவன் சும்மா இருந்தாப் போதும். வீடு தானா நல்லாருக்கும்."

சும்மா இருக்க எனக்கு வரவில்லை. அடுத்த வாரம் ஒரு லோரிக்குக் கரித்தொட்டி பொருத்த அத்தான் கிள்ளானுக்கு மூன்று நாள் போனார். அந்த மூன்று நாளில் நான் என் கல்வியை அந்தக் கொட்டகையின்மீது பிரயோகித்தேன்.

முதல் நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணினேன். மின்சாரக் கருவி நான்கு, கைக்கருவி நாற்பத்து மூன்று, ஆக நாற்பத்தேழு. தேள் ஆறு. இரண்டாம் நாள் பலகைச் சுவரைக் கழுவி, ஆணி அடித்து, நான்கு மிஷின்களுக்கும் தனித் தட்டு அமைத்தேன். மூன்றாம் நாள்தான் என் மூளை உச்சத்துக்குப் போயிற்று. எடுத்த கருவியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டுமென்றால் அந்த இடம் தெரிய வேண்டாமா? குண்டு விழும் காலத்தில் ஜன்னல்களுக்குப் பூசிய கறுப்புச் சாயம் அரை டின் மிச்சமிருந்தது. ஒவ்வொரு கருவியையும் சுவரோடு அழுத்திப் பிடித்து, சுற்றிலும் தூரிகையால் கோடு இழுத்தேன். குறட்டுக்குக் குறடு வடிவம், சுத்தியலுக்குச் சுத்தியல் வடிவம். டிரிலுக்கு அதன் மூக்கு, பிடி, விசை, பிடியில் இருந்த சிறு நசுங்கல் வரை. ஒவ்வொன்றின் கீழும் எண்; எண்ணுக்குக் கீழே பெயர். பெயரைத் தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். இடம் மிச்சமிருந்ததால் ஜப்பானிய எழுத்திலும் எழுதினேன்.

(ஏன் என்று கேட்காதீர்கள். அன்று முதல் எல்லோரும் கேட்கிறார்கள். பயிற்சிக்கு என்பதுதான் உண்மை.)

அத்தான் கிள்ளானிலிருந்து வந்தார். வாசலில் நின்று சுவரையே பார்த்தார்.

"எப்படி?" என்றேன்.

"என் குறடு எங்கடா?"

"பதினெட்டாம் எண்."

"நான் எண்ணைக் கேக்கல. குறட்டைக் கேட்டேன்." தேடி எடுத்துக்கொண்டு, "முன்னெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன். இப்பக் கண்ணைத் தொறந்தாலும் கிடைக்கல" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "சுண்ணாம்பு எங்கயாச்சும் கிடைச்சா வாங்கி வை. இவன் கிறுக்கினதுக்கு வெள்ளை அடிக்கணும்" என்றார்.

சுண்ணாம்பு கிடைக்குமுன் சிப்பாய்கள் கிடைத்துவிட்டார்கள். ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு, தெரு முனையில் நுழைந்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. எங்கள் வீடு அங்கிருந்து பதினொன்றாவது. நானும் அத்தானும் அக்காவும் ஓட்டமாக ஓடி, நான்கு மிஷின்களையும் பின்புறக் கோழிக்கூண்டில் தள்ளி, மேலே தென்னை ஓலையைப் போட்டோம். (கோழிகளைப் போன ஆண்டே தின்றாகிவிட்டது.) அவர்கள் ஒன்பதாவது வீட்டுக்கு வந்தபோது எங்கள் வேலை முடிந்துவிட்டது. மிச்ச நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கொட்டகையைப் பெருக்கி, கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். இந்த முறை துப்பமாட்டான் பார், என்று நினைத்துக்கொண்டேன்.

துப்பவில்லை.

வந்தவர் ஓர் ஆபீசர். கண்ணாடி போட்ட சின்ன மனிதர். கூடவே இரண்டு சிப்பாய்கள், மொழிபெயர்க்க மரியதாஸ். மரியதாஸ் போருக்கு முன் எங்கள் தெருவில் இன்ஷூரன்ஸ் விற்றவர்; ஜப்பானிய வகுப்பில் எனக்குப் பின் வரிசை. ஆபீசர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது என்னன்னு கேக்கறாரு" என்றார் மரியதாஸ்.

மிஷின்களை எடுத்த பிறகு அத்தான் அப்போதுதான் சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். "கோலமுங்க" என்றார். "வீட்டுப் பொம்பளைங்க போடறது."

மரியதாஸ் அதை எப்படியோ சொன்னார். ஆபீசர் தலையை ஆட்டிவிட்டு, பதினெட்டாம் எண் குறட்டை எடுத்தார். அதன் கோட்டுக்குள் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அவர் முகம் மலர்ந்தது. சுத்தியலை எடுத்தார், பொருந்தியது. ரம்பம், அரம், திருப்புளி... பிறந்தநாளுக்குப் பொம்மை கிடைத்த பிள்ளைபோல நாற்பத்து மூன்றையும் எடுத்து எடுத்து வைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓர் அரத்தைத் தலைகீழாக வைத்தபோது நானே போய்த் திருத்தி வைத்தேன்.

பிறகு அவர் காலியாக இருந்த நான்கு கோடுகளுக்கு வந்தார். பெரிய டிரிலின் வடிவத்தின்மேல் விரலை ஓட்டினார். கீழே நான் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"டோ... ரி... ரு."

நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை நீட்டி, "பிர்ர்ர்ர்ர்" என்று சுழற்றிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"பொம்பளைங்க எதுக்குங்க டிரில் கோலம் போடறாங்க?" என்றார் மரியதாஸ், தமிழிலேயே, மிகவும் வருத்தமாக.

அத்தானுக்கு மூன்று அறை விழுந்தது. நான்காவதற்குள் அக்கா கோழிக்கூண்டின் ஓலையைத் தூக்கி எறிந்துவிட்டு, "எல்லாம் இங்கதான் கெடக்கு! எடுத்துட்டுப் போவச் சொல்லுங்க, ஆளை விடச் சொல்லுங்க!" என்று கத்தினாள். மிஷின்கள் லோரியில் ஏறின. ஆபீசர் ஏதோ சொன்னார்.

"மிஷினை ஓட்டறவரும் ஏறணுமாம்" என்றார் மரியதாஸ்.

அக்கா அத்தானின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சயாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. அத்தான் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் எண்ணாமல் நின்றது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

லோரியில் ஏறப் போன ஆபீசர் திரும்பிக் கொட்டகையைக் கைகாட்டி மறுபடி ஏதோ கேட்டார்.

"இந்தப் படமெல்லாம் போட்டது யாருன்னு..."

மரியதாஸ் முடிக்கவில்லை. "வதாகுஷி!" என்றேன். ஜப்பானிய மொழியில் நான் என்று அர்த்தம். தியாகமா? அத்தானைக் காப்பாற்றவா? ஐயா, வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால் கை தானாக மேலே போகுமே, அந்தக் கைதான் அது.

ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கும் ஓர் அறை கொடுத்தார். பிறகு மரியதாஸிடம் நெடுநேரம் பேசினார்.

"மெக்கானிக் வேலைக்கு நிறைய ஆள் வச்சிருக்காராம். வரிசையா அடுக்கத் தெரிஞ்சவன்தான் இல்லையாம். உங்க அத்தான் இங்கயே இருக்கட்டும், நீ ஏறு."

சயாமுக்குப் போகிறோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லோரி போய் நின்றது ரயில் பாதை ஓரத்தில் ஒரு கிடங்கில். வீட்டிலிருந்து ஒன்றரை மைல். போர் முடியும்வரை அங்கே சுவர் சுவராகக் கோடு இழுத்தேன். மொத்தம் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கருவிகள். அத்தனையும் ஊரார் வீட்டுக் கொட்டகைகளிலிருந்து வந்தவை. பாதிப் பிடிகளில் யாருடைய பெயராவது கீறியிருக்கும். அந்தப் பெயர்களை நான் வாசித்தேன். வாசித்துவிட்டு எண் போட்டு மாட்டினேன். திருட்டுச் சாமானை இத்தனை அழகாக அடுக்கி வைத்தவன் இந்த நாட்டில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அத்தானின் நான்கு மிஷின்களையும் தினமும் காலையில் துடைத்தேன். அதை மாலையில் வீட்டுக்குப் போய் அத்தானிடம் ஆறுதலாகச் சொன்னேன். அவர் கிழங்கைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஜப்பான்காரன் சரணடைந்த அன்றே அத்தான் சைக்கிளை எடுத்தார். "வாடா, போய்த் தூக்கிட்டு வந்துடலாம்."

"பொறுங்க அத்தான். அதிகாரி யாராச்சும் வரட்டும். முறைப்படி கேட்டு வாங்கலாம்."

இரண்டு நாள் பொறுத்தோம். போனபோது கதவே இல்லை. உள்ளே ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கோடுகள் இருந்தன. கருவி ஒன்றுகூட இல்லை. எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்திருந்ததால், எடுத்தவர்களுக்குச் சிரமமே இருந்திருக்காது. அத்தான் நேராகப் பெரிய டிரிலின் வடிவத்துக்கு முன்னால் போய் நின்றார். நசுங்கலைக்கூட விடாமல் வரைந்திருந்தேன்.

"படம் நல்லா வந்திருக்குடா" என்றார். பிறகு எட்டு நாள் என்னோடு பேசவில்லை.

சயாமிலிருந்து அத்தானைக் காப்பாற்றியவன் நான் என்று இன்றுவரை சொல்லிப் பார்க்கிறேன். "மாட்டிவிட்டது யாரு?" என்று கேட்கிறார்கள். கணக்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

அத்தான் போய்ப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் மகன் சுங்கை வேயில் இருக்கிறான். வீட்டின் கார் நிறுத்தும் இடத்தில் தச்சு வேலை செய்கிறான். போன மாதம் போயிருந்தேன். இரும்புக் கதவுக்கு வெளியிலேயே என்னை நிறுத்தினான்.

"மாமா, பாக்கெட்டைக் காட்டுங்க."

"விடுங்க லா, வயசானவரு" என்றாள் அவன் மனைவி.

"வயசானா என்ன? அப்பா சாகும்போது சொன்னது மூணு விஷயம். இது அதுல ஒண்ணு." என் பாக்கெட்டிலிருந்து பேனா, பென்சில் இரண்டையும் எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டான். (மற்ற இரண்டு விஷயம் என்ன என்று கேட்டேன். சொல்லவில்லை.)

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். மின்சாரக் கருவி இருபத்தாறு. ஒன்பது தரையில், மூன்று சலவை மிஷின்மேல், ஒன்று சைக்கிள் கூடையில். அவன் அரைமணி நேரமாகச் சின்ன டிரிலைத் தேடிக்கொண்டிருந்தான். அது காயப்போடாத துணிக் கூடைக்கு அடியில் இருந்தது, வந்தவுடனே பார்த்துவிட்டேன்.

"மாமா, நீங்க பார்த்தீங்களா?" என்றான்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.