நடுவில் இரண்டு அறை

மூன்றாவது வில்லாவையும் ஹாஜா ரொம்லா வேண்டாம் என்று சொல்லிவிட்ட செய்தி வந்தபோது வர்தோயோ கழிப்பறையில் இருந்தார். போனை உள்ளே கொண்டுபோயிருக்கக் கூடாது. கொண்டுபோயிருந்தார். குரல் செய்தி, இரண்டு நிமிடம்.

“தம்பி, படம் பாத்தேன். அந்த ஆளு ரூமும் என் ரூமும் எதிரெதிரா இருக்கு. காலைல கதவத் தொறந்தா அந்த மூஞ்சிலயா முழிக்கணும்? நான் மெக்கா போயிட்டு வந்தவ. வேற பாருங்க.”

மீதி ஒன்றரை நிமிடம், போனை அணைக்கத் தெரியாமல் அவர் கோழிகளைத் திட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது முக்கியமாகச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் வர்தோயோ அதையும் முழுக்கக் கேட்டார்.

‘அந்த ஆள்’ வர்தோயோவின் மாமனார் கஸ்மூரி. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மனைவி போன பிறகு ஒன்பது வருடமாக மகள் வீட்டில், அதாவது ஜகார்த்தாவை ஒட்டிய பெக்காசியில் வர்தோயோவின் வீட்டில், நல்ல மின்விசிறிக்குக் கீழே இருக்கிறார்.

ஹாஜா ரொம்லா, வர்தோயோவின் மகள் லாரஸைக் கட்டிக்கொள்ளப் போகும் யுஸ்ரியின் அத்தை. ‘ஹாஜா’ என்பது ஹஜ் முடித்த பெண்ணுக்கு அங்கே கொடுக்கும் பட்டம். அவரும் கணவரை இழந்தவர். யுஸ்ரியின் அப்பா ஜுனைதியைத் தூக்கி வளர்த்த அக்கா. ஜுனைதிக்கு ஐம்பத்தாறு வயது. இன்னமும் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வார்.

கல்யாணத் தேதியை ஹாஜா சொல்லவேண்டும். அவர் சொன்னது வேறு.

“நோன்புக்கு முன்னாடி நீளமா லீவு வருதுல்ல? ரெண்டு குடும்பமும் புஞ்சாக் மலைல ஒரே கூரைக்குக் கீழ மூணு நாள் இருப்போம். ஒத்துப்போச்சுன்னா தேதி. இல்லன்னா இல்ல. வில்லா பாக்கறது பொண்ணு வீட்டு வேலை. ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, பொண்ணு ரூமும் பையன் ரூமும் ரெண்டு கோடில இருக்கணும்.”

அது பெரிய விஷயமில்லை என்றுதான் வர்தோயோ நினைத்தார். அவர் வண்டி உதிரிபாகக் கிடங்கில் மேலாளர். எந்தப் பொருளை எந்த அலமாரியில் வைப்பது என்று தீர்மானிப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் தொழில்.

ஆனால் உதிரிபாகங்கள் ஒன்றையொன்று திட்டுவதில்லை.

எட்டு மாதத்துக்கு முன் பெண் கேட்டு வந்த அன்றே தொடங்கியது அது. கஸ்மூரி தேநீரை உறிஞ்சிய சத்தத்தைக் கேட்டு ஹாஜா, “இங்க ரயில் கியில் வருதா?” என்றார். கஸ்மூரி கோப்பையை வைத்தார். “தண்டவாளத்துல எருமை நின்னா இன்ஜின் சத்தம் போடத்தான் செய்யும்” என்றார். லாரஸ் சிரித்துவிட்டாள். ஜுனைதி அக்காவின் முகத்தைப் பார்த்து, வாயில் இருந்த கொழுக்கட்டையை மெல்லாமல் வைத்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சந்தித்த ஒவ்வொரு முறையும் இதே கதை.

ஆக, கணக்கு இப்படி ஆனது. பிள்ளைகள் இரண்டு கோடியில். பெரியவர்கள் நடுவில், காவலுக்கு. ஆனால் பெரியவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நடுவில் இருக்கும் இரண்டு அறை பக்கத்தில் இல்லாமல் எப்படி இருக்கும் என்று வர்தோயோ கிடங்கில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பார்த்தார். இருக்காது.

முதல் வில்லாவில் மாடி இருந்தது. பெண்கள் மேலே, ஆண்கள் கீழே. படத்தை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் ஹாஜா கேட்டார், “பால்கனிலேர்ந்து பின்பக்கமா ஒரு ஏணிப்படி இறங்குதே, அது நேரா எங்க போகுது?” யுஸ்ரியின் ஜன்னலுக்குப் போனது. வர்தோயோ நேரில் போய்ப் பார்த்தபோதுகூட அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது, ஒரே வரிசையாக நீண்ட கட்டடம். பெரியவர்களை இரண்டு கோடியிலும் பிள்ளைகளை நடுவிலும் போட்டார். நடுச்சுவர் பலகை.

“இது காவலா, கல்யாண ஊர்வலமா?” என்றார் ஹாஜா.

“எனக்கும் அந்தக் கோடி வேணாம் மாப்ள. கழிப்பறை தூரம்” என்றார் கஸ்மூரி.

மூன்றாவதுதான் எதிரெதிர் கதவு. அதுவும் போனது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிறு செலவானது. நேரில் பார்க்காமல் வில்லா எடுப்பவன் முட்டாள் என்பது ஊரறிந்தது. காலையில் மலைச்சாலை ஏறுவதற்கு மட்டும். இறங்குவதற்கு மதியம் திறப்பார்கள். இடையில் மாட்டிக்கொண்டால் அவித்த சோளம் தின்றுகொண்டு காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வர்தோயோ அந்த மாதம் தின்ற அளவு சோளத்தை அதற்கு முன் வாழ்நாளில் தின்றதில்லை. வளைவில் ‘வில்லா’ என்று அட்டை ஆட்டும் தரகன்கூட அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

“ஐயா! இன்னிக்கும் நடுவுல ரெண்டு ரூம்தானா?”

“வாய மூடுறா.”

“சரிங்கய்யா. அப்ப அதேதான்.”

ஜுனைதிக்கு போன் செய்தார். “சம்பந்தி, ஒரு யோசனை. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சின்ன வில்லா எடுத்துட்டா என்ன?”

“அருமை சம்பந்தி! இது ஏன் முன்னாடியே தோணல?” என்றார் ஜுனைதி. பிறகு குரலைத் தாழ்த்தி, “இருங்க, அக்கா பக்கத்துல நிக்குது” என்றார். பிறகு, “சம்பந்தி, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? ஒரே கூரைன்னு சொல்லியும் ரெண்டு வில்லான்னா என்ன அர்த்தம்?” என்று சத்தமாகக் கேட்டு, போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை மனைவி நூனிங் சட்டியில் டெம்பே என்ற சோயாக் கட்டியைப் பொரித்துக்கொண்டே சொன்னாள். “ஏங்க, ரெண்டு பேரையும் கூட்டிட்டே போயிடுங்க. அவங்களே பாத்து அவங்களே சொல்லட்டும்.”

“ஒரே கார்லயா?”

“எங்கப்பாவ முன்னாடி உக்கார வைங்க. அவங்கள பின்னாடி.”

“வழியில கொலை விழுந்தா?”

“விழுந்தா ஒரு ரூம் மிச்சம்” என்றாள் நூனிங்.

நாலாவது வில்லாவுக்கு அப்படித்தான் போனார்கள். போகிற வழியெல்லாம் ஜன்னல். கஸ்மூரிக்குத் திறந்திருக்க வேண்டும், ஹாஜாவுக்கு மூடியிருக்க வேண்டும். மலையேறி சிசாருவா ஊர் வருவதற்குள் வர்தோயோ இருபது முறை ஜன்னலை ஏற்றி இறக்கியிருந்தார்.

வில்லா நன்றாக இருந்தது. ஐந்து அறை, நீச்சல் குளம், மீன் தொட்டி. “நீங்களே போய்ப் பாருங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வர்தோயோ குளத்தோரம் உட்கார்ந்தார். அறைகளைப் பார்க்கப் போன இருவரும் முக்கால் மணி நேரம் கழித்து, ஆளுக்கொரு வாசல் வழியாக வந்தார்கள். ஹாஜாவின் முகம் சிவந்திருந்தது. கஸ்மூரி தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

போச்சு, உள்ளே பெரிய சண்டை என்று வர்தோயோவுக்குப் புரிந்துவிட்டது.

“எப்படிங்கம்மா இருக்கு?”

“அந்த ஆளு இருக்கற எடம் எப்படி இருக்கும்?”

“மாமா?”

“கட்டில் சத்தம் போடுது. வேணாம்.”

திரும்பி வரும்போது ஜன்னலுக்குக்கூடச் சண்டை இல்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. விடுமுறைக்குப் பத்து நாள் பாக்கி. நல்ல வில்லாக்கள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. லாரஸ் எதுவும் கேட்பதில்லை. சாப்பிடும்போது அப்பாவின் தட்டில் ஒரு மீன் துண்டை அதிகமாக வைத்துவிட்டுப் போவாள். அதுதான் அவரை அதிகமாக வதைத்தது. வில்லா கிடைக்காததால் கல்யாணம் நின்றது என்று எந்தத் தகப்பன் வெளியே சொல்வான்?

அடுத்த ஞாயிறு வர்தோயோ தரகனிடமே சரணடைந்தார். அவன் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்த பெரிய வில்லா ‘ட’ வடிவத்தில் இருந்தது. ஒரு கோடியில் பெண்ணுக்கு, மறுகோடியில் பையனுக்கு. மூலையில் இரண்டு அறை, பக்கத்தில்தான், ஆனால் ஒன்றின் கதவு கிழக்கே பார்த்தது, இன்னொன்று தெற்கே. ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க வழியே இல்லை. வர்தோயோ இரண்டு கதவுக்கும் நாலு முறை நடந்தார். கண்ணில் நீர் வந்தது.

அதற்கும் மேலே, வாசலில் ஒரு பலகை. ‘தம்பதிகள் ஒரே அறையில் தங்கக் கல்யாணப் புத்தகம் காட்டவேண்டும். விதிவிலக்கு கிடையாது.’ கல்யாணம் பதிவானதும் கணவன் மனைவிக்கு அரசாங்கம் கொடுக்கும் சின்னப் புத்தகம் அது.

“கண்டிப்பான எடங்கய்யா. கண்டவனும் ஜோடியா உள்ள வர முடியாது” என்றான் தரகன்.

ஹாஜாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? வர்தோயோ பலகையையும் சேர்த்துப் படம் எடுத்து இரண்டு குடும்பத்துக்கும் அனுப்பினார்.

எட்டு மாதத்தில் முதல் முறையாக ஹாஜாவும் கஸ்மூரியும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அது மட்டும் வேண்டாம்.

“அந்தப் பக்கம் ஈரம் தம்பி. என் மூட்டு தாங்காது” என்றார் ஹாஜா போனில்.

“பைன் மரம் மாப்ள. எனக்கு இருமல் வரும்” என்றார் கஸ்மூரி வீட்டில்.

“படத்துல பைன் மரமே இல்லையே மாமா?”

“பின்பக்கம் இருக்கும். மலைன்னா இருக்காதா?”

வர்தோயோவுக்குள் ஏதோ அறுந்தது. இத்தனை நாள் ஒருவரையொருவர் எதிர்த்தார்கள். இப்போது சேர்ந்துகொண்டு தன்னை எதிர்க்கிறார்கள். ஹாஜாவுக்கு அவரே போன் போட்டார்.

“அம்மா, மன்னிச்சுக்குங்க. நான் அந்த வில்லாவ எடுத்துட்டேன். ஈரமா இருந்தா ரெண்டு போர்வை தரேன். இதுக்கு மேல ஒரு சோளம் தின்ன என்னால முடியாது.”

அந்தப் பக்கம் ஒரு கோழி மட்டும் கத்தியது.

“சரி” என்றார் ஹாஜா. அவ்வளவுதான்.

அப்படியே ஒத்துக்கொண்டது வர்தோயோவுக்குத் திட்டு வாங்கியதைவிடப் பயமாக இருந்தது. “தேதி சொல்ல மாட்டாங்க, பாரு” என்று நூனிங்கிடம் சொன்னார். “மூணு நாளும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருந்துட்டுக் கெளம்பிடுவாங்க.”

விடுமுறை வந்தது. இரண்டு காரும் முன்பின்னாக மலை ஏறின. ஹாஜா காலையிலிருந்தே கறுப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் போட்டிருந்தார். மலைக்காற்று ஆகாதாம். கஸ்மூரி தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்கினார், அல்லது தூங்குவதாகக் காட்டினார். ரிசார்ட் வாசலில் எல்லாரும் இறங்கியும் இருவரும் இறங்கவில்லை.

“முட்டி பிடிச்சிருக்கு மாப்ள. நீங்க போய் எழுதுங்க.”

வரவேற்பு மேசையில் எந்தின் என்ற, மூக்குக்கண்ணாடி போட்ட, உருண்டையான அம்மாள். பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இனிமையாகச் சிரித்தார்.

“வாங்கய்யா. நீங்களும் சம்சாரமும் ஒரே ரூம்தானே? புத்தகம் குடுங்க.”

“எந்தப் புத்தகம்?”

“கல்யாணப் புத்தகம்.”

வர்தோயோ சிரித்தார். எந்தின் சிரிக்கவில்லை. அந்தப் பலகையைப் படித்தபோது அது தனக்கும் சேர்த்து என்று வர்தோயோவுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

“அம்மா, எனக்கு இருபத்தேழு வயசுல பொண்ணு இருக்கா. அதோ நிக்கிறா.”

“பொண்ணு இருக்கறது வேற, புத்தகம் இருக்கறது வேற.”

“அடையாள அட்டைல பாருங்க. கல்யாணம் ஆனவர்னு போட்டிருக்கு.”

எந்தின் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். “ஆச்சுன்னுதான் போட்டிருக்கு. யாரோடன்னு போடலையே?”

நூனிங் பையைக் கீழே வைத்தாள். “யாரோடன்னு சொல்லுங்க” என்றாள் கணவனிடம்.

“ஏ, நீ வேற!” வர்தோயோ ஜுனைதியைத் திரும்பிப் பார்த்தார். “சம்பந்தி, உங்க புத்தகம்?”

“என்னுது வெள்ளத்துல போச்சு.”

“எந்த வெள்ளத்துல?”

“எந்த வெள்ளம்னு நான் எண்ணிட்டா இருக்கேன்? ஜகார்த்தாக்காரன்கிட்ட கேக்கற கேள்வியா இது?”

“வீட்டுல யாரையாவது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க” என்றாள் ஜுனைதியின் மனைவி.

“வீட்டுச் சாவி என் பையில இருக்கு” என்றாள் நூனிங்.

எந்தின் பேனாவைத் திறந்தார். “அப்ப விதிப்படி ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். கோவிச்சுக்காதீங்க.”

லாரஸும் யுஸ்ரியும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்தார்கள். ஐந்து ஞாயிறு அலைச்சல், அறுபது சோளம், அந்த ‘ட’ வடிவம், எல்லாம் ஒரு பேனாக் கோட்டில் போனது. மூன்று நாள் ஜுனைதியோடு ஒரே கட்டில். இதைப் பார்த்த பிறகும் ஹாஜா தேதி சொல்வாரா? வர்தோயோ கும்பிடாத குறையாகக் கேட்டார்.

“சரிம்மா, நாங்க எப்படியோ படுத்துக்கறோம். ஆனா வண்டியில ரெண்டு பெரியவங்க இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அவங்கள மட்டும் தயவுசெஞ்சு தள்ளித் தள்ளிப் போடுங்க.”

எந்தின் எட்டி வண்டிகளைப் பார்த்தார். முன் வண்டியில் தொப்பி இன்னும் கீழே இறங்கியது. பின் வண்டியில் கறுப்புக் கண்ணாடி மறுபக்கம் திரும்பியது. எந்தின் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம ஸ்டேஷன் மாஸ்டரய்யாவும் ஹாஜியம்மாவும்! அவங்களுக்கு மட்டும் அதே மூலை ரூம் தரேன்யா, போன மாசம் வந்தப்பவே ரெண்டு பேரும் அவங்க கல்யாணப் புத்தகத்தக் காட்டிட்டாங்களே!”