மேப் கேட்ட கள்ளன்

ஒன்றும் தெரியாதவரால் ஆபத்தில்லை. எல்லாம் தெரிந்தவராலும் ஆபத்தில்லை. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பி வருகிறவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் அப்படித் திரும்பி வந்தவள். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டேன் (சட்டம் சான்றிதழைவிடப் பெரிது).

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், மிளகும் கராம்பும் சாதிக்காயும் வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனி. கீழே ஸ்டோர், மேலே மேசையும் ஃபைலும் நிறைந்த கந்தோர். நான் அங்கே கிளார்க். பிரின்டரில் சிக்கிய தாளை ஒருமுறை கிழியாமல் இழுத்தெடுத்ததால், அன்றிலிருந்து 'கம்ப்யூட்டர் ஆள்'.

ஒருநாள் எங்கள் கம்பனியின் ஈமெயில் முகவரியைப் போட்டு, எவனோ ஒரு கள்ளன் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பிவிட்டான். அவர் திறக்கக் கூடாத கோப்பைத் திறந்து, அவருடைய கம்ப்யூட்டரே படுத்துவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணத் தொறந்துகிட்டே தூங்குறீங்களா?"

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கந்தோர்க் கதிரையில் உட்கார வந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். பாத்ரூமுக்குள் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியிலிருந்து மறுபடியும் முதலாளியின் குரல்: "யார் அது, தண்ணிய வீணாக்குறது?"

அந்த மனுசனை நான் மன்னிக்கவேயில்லை. பயிற்சிக்கு மட்டும் போனேன்.

அங்கே சொல்லித்தந்தது பெரிய மந்திரமில்லை. கடித உறையில் அனுப்புகிறவர் என்று யாரும் யாருடைய பெயரையும் எழுதலாம் அல்லவா, ஈமெயிலும் அப்படித்தான். அதற்கு மூன்று காவல். நம் பெயரில் கடிதம் கொண்டுபோக எந்தெந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி என்று ஒரு பட்டியல், அதுதான் எஸ்பிஎஃப். ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணுக்குத் தெரியாத முத்திரை, அது டிகேஐஎம். இரண்டிலும் தேறாததை என்ன செய்வது என்ற கட்டளை, அது டிமார்க். "முதல் சில வாரம் சும்மா கவனியுங்கள், எதையும் தடுக்காதீர்கள்" என்று அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள். எனக்கா பொறுமை? வந்த அன்றே, தேறாததையெல்லாம் பிடித்து அடைக்கக் கட்டளை போட்டேன்.

பட்டியல் எழுத, கந்தோரில் ஒவ்வொருவரும் எந்த வழியாகக் கடிதம் அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். முதலாளியிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தும் அனுப்புவார் என்று எனக்குத் தெரியும். கேட்கப் பயமாக இருந்தது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொய். கோபம். அவரோடு ஒரு வார்த்தை பேசப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு கள்ளன் அகப்பட்டான்! முதலாளியின் பெயரில், கந்தோரில் ஏழு பேருக்கும் வந்த கடிதம், ஏழும் வலைக்குள். நான் சந்தோசத்தில் மத்தியானச் சோற்றை மறந்தேன். முதலாளி அன்றும் மறுநாளும் கந்தோர்ப் பக்கமே வரவில்லை; வராதவரை நானும் தேடவில்லை.

அதற்கடுத்த நாள் எல்லாரையும் கூட்டி, இரவல் புரொஜெக்டரில் கடிதத்தைச் சுவரில் போட்டேன். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

"பாத்துக்கங்க, கள்ளக் கடிதத்துக்கு எல்லா அடையாளமும் இருக்கு. 'வியாழக்கிழமை பயணம்'னு அவசரப்படுத்துறான். 'கட்டாயம் பதில் போடுங்க'ன்னு தூண்டில் போடுறான்."

ஸ்டோர் பொறுப்பாளர் நஸீர் நானா, கந்தோருக்கே அண்ணன், கையைத் தூக்கினார். "தங்கச்சி..."

"கேள்வியெல்லாம் கடைசியில நானா."

அடுத்த வரிக்கு வந்தேன். அதில் எம், ஏ, இரண்டு பி, ஒரு யூ. "'எல்லாரும் எனக்கு மேப்பு தாங்க.' மேப்! நம்ம ஸ்டோருக்கு வழி தெரியலையாம் கள்ளனுக்கு, மேப் கேக்குறான்!"

சிரிப்பு. நஸீர் நானா இப்போது இரண்டு கையையும் தூக்கினார். நான் கவனிப்பேனா?

"கடைசி வரியப் பாருங்க. 'நான் சத்தம் போட்டு யாருட மனசாவது நொந்திருந்தா...' இந்தக் கள்ளன் நம்ம மொதலாளியப் பத்தி விசாரிக்கவேயில்ல! அடுத்தவங்க மனசு நோகுமேன்னு அவரு என்னைக்காவது நெனச்சிருக்காரா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். மாடிப்படி வாசலில் முதலாளி.

"மேப் இல்ல மகள்," என்றார். "மாப்பு. மன்னிப்பு."

நஸீர் நானா தலையில் கை வைத்தார். "ஹஜ்ஜுக்குப் போறவங்க, போக முந்தி எல்லார்ட்டயும் மாப்பு கேக்கணும். அதத்தான் தங்கச்சி நான் சொல்ல வந்தது."

ஹஜ் குழுவில் யாரோ ஒருவர் விலகியதால் முதலாளிக்குத் திடீரென்று இடம் கிடைத்திருக்கிறது. நாளைக்குப் பயணம். அவசர ஓட்டத்தில் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார்.

"ரெண்டு நாளா போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார், கதிரையில் உட்கார்ந்து. "ஏழு பேர்ல ஒருத்தர்கூட பதில் போடல. இவ்வளவு கெட்டவனாவா இருந்திருக்கேன்னு சோறு எறங்கல. அதான் நேர்ல வந்தேன்."

புரொஜெக்டர் வெளிச்சம் இன்னும் என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அடைத்தது டிமார்க் இல்லை, நான். கடிதம் கள்ளக் கடிதமாக இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசையாக இருந்தது. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"அன்னைக்கு எல்லார் முன்னுக்கும் சத்தம் போட்டேன், இன்னைக்கு எல்லார் முன்னுக்கும் கேக்குறேன். குழாயத் தொறந்து வச்சு நீங்க அழுதது தெரியும் மகள். என்ன சொல்றதுன்னு தெரியாம தண்ணிக்கும் சத்தம் போட்டேன். மாப்பு தாங்க."

தலையாட்டினேன். 'வாயால சொல்லுங்க' என்று நஸீர் நானா சைகை காட்டினார்.

"தந்துட்டேன் மொதலாளி. நீங்களும் எனக்குத் தாங்க."

"அதுக்கென்ன, தந்தேன்," என்றார். மற்ற ஆறு பேரும் வரிசையாக வந்து தந்தார்கள். அவர் இறங்கிப் போனதும் கட்டளையைத் தளர்த்தி, சும்மா கவனிக்கும்படி மாற்றினேன். அதன் பிறகுதான் அன்றைய மத்தியானச் சோறு நினைவுக்கு வந்தது, எனக்கும் இறங்கவில்லை.

அவர் ஹஜ் முடித்து ஹாஜியாராகத் திரும்பி வந்து எல்லாருக்கும் பேரீச்சம்பழம் தந்தார். என் பொதியில் மட்டும் ஒரு துண்டுத்தாள்: 'இது நான்தான் அனுப்பினது.'

எங்கள் வீட்டில் இப்போது யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, மேப் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் தேங்காய் வாங்க மறந்தால், "கொஞ்சம் மேப் தாரீங்களா?" மகள் கோப்பையை உடைத்தால் அவளுக்கும் மேப். நான் கேட்டால் மட்டும், "செக் பண்ணித்தான் தரலாம்" என்று இருவரும் இழுத்தடிப்பார்கள்.

நான் இழுத்தடிப்பதில்லை. கேட்டவுடனே கொடுத்துவிடுவேன். இரண்டு நாள் சோறு இறங்காத ஒரு மனுசனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.