கடைசி சீட்டை நான் ஏலம் எடுத்த கதை

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு சோலி. பிளஸ் ஒன் ஃபாரத்தைப் பள்ளிக்கூடத்துல குடுத்துட்டு வரணும்.

மக சபீனா காய்ச்சல்ல படுத்திருந்தா. "அத்தா, பயாலஜி உள்ள குரூப்பு. அது இல்லாட்டி டாக்டர் படிப்பை மறந்துற வேண்டியதுதான்"னு மூணு தடவ சொன்னா.

"இருபது வருசமா ஏலக்கா வாங்கி விக்கிறவனுக்கு ஒரு பாடம் வாங்கத் தெரியாதாம்மா?"ன்னு கெத்தா கிளம்பினேன்.

போடிப் பள்ளிக்கூடத்து வரிசைல அன்னைக்குன்னு பாத்து எனக்கு முன்னாடி பாண்டியண்ணே நிக்கிறார். அவரும் ஏலக்கா ஏவாரிதான்.

ஒரு உண்மையச் சொல்லிர்றேன். ஏலத்துல நான் சாம்பிள் காயப் பாக்குறதே இல்ல. பாண்டியண்ணே முகத்தத்தான் பாப்பேன். அவர் எந்தச் சரக்குக்கு விலை கேக்குறாரோ, அதுக்கு மேல நான் கேப்பேன். என் தொழில் அறிவு மொத்தமும் அவ்வளவுதான்.

கிளார்க்கு சொன்னார்: "கம்ப்யூட்டர் குரூப்புல ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு."

பாண்டியண்ணே மகளுக்காக அவசரமா ஃபாரத்த நிரப்ப ஆரம்பிச்சார்.

என் கை தானா மேல போயிருச்சு! "எனக்கு!"

"பாய், நான்ல முன்னாடி நிக்கிறேன்?"

"என் ஃபாரம் ரெடியா இருக்குண்ணே!"

கம்ப்யூட்டர் கட்டத்துல டிக் அடிச்சு நீட்டினேன். கிளார்க்கு வாங்கி எழுதிட்டார். பாண்டியண்ணே மூஞ்சி சுருங்கிப்போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு குளிர்ச்சி!

அவருக்கு வந்துச்சே ரோசம்! "பயாலஜி இருக்கா? கடைசி சீட்டா? கொண்டா!"

நான் அரைக்கிலோ அல்வாவோட வீட்டுக்குப் போனேன்.

சபீனா ரசீதைப் பாத்தா. "அத்தா, இதுல பயாலஜி எங்க?"

பிள்ள ஓன்னு அழுதுட்டா. அவ அழுததப் பாத்து நானும் கலங்கிட்டேன்.

பதினஞ்சு வயசுல ஒரு கட்டத்துல டிக் அடிச்சா, டாக்டரா இல்லையான்னு பாதி முடிவாயிருது. அந்த டிக்கை அடிக்க என்னைய மாதிரி அறிவாளிகள அனுப்புறாங்க பாருங்க!

கிளார்க்குக்குப் போன் போட்டேன். "பயாலஜி கடைசி சீட்டப் பாண்டி வாங்கிட்டார். ரெண்டு பேரும் சம்மதிச்சு எழுதிக் குடுத்தா மாத்தித் தர்றேன். அஞ்சு மணிக்குள்ள வாங்க."

பாண்டியண்ணே கடைக்கு ஓடினேன். அங்கேயும் அதே கூத்து. கம்ப்யூட்டர் கேட்ட அவர் மக ரசீதப் பாத்ததுலருந்து சாப்பிடலையாம், கடைப்பையன் காதோரமாச் சொன்னான். ஆக, அவருக்கும் மாத்தணும், எனக்கும் மாத்தணும்.

ஆனா ஏவாரத்துல மொதல்ல வாயத் திறந்தவன் தோத்தான்!

"குரங்கணிப் பக்கம் மழை எப்படி பாய்?"

"நல்ல மழைண்ணே. சிலமலைப் பக்கம்?"

"தூறல்தான். டீ சாப்பிடுறீகளா?"

ரெண்டு டீ குடிச்சோம். மலைல உள்ள ஜீப்பு ரோடு வரைக்கும் பேசியாச்சு. மணி நாலரை!

வாசல்ல ஆட்டோ நின்னுச்சு. காய்ச்சலோட சபீனா இறங்கினா, கூடவே பாண்டியண்ணே மக. போன்லயே பேசி முடிச்சு, கடிதத்த ரெண்டு தாள்ல எழுதிக் கொண்டாந்திருக்காளுக.

"கையெழுத்துப் போடுங்க அத்தா, வெரசா!"

"அண்ணே மொதல்ல போடட்டும்."

"ஏன், பாய் போடட்டுமே!"

சபீனா தலையில அடிச்சுக்கிட்டு, ஆளுக்கு ஒரு தாளைக் குடுத்து, "ஒன்னு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணினா. ரெண்டு பேரும் போட்டோம். பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குப் பறந்து மாத்திட்டாளுக. சபீனா இப்ப பயாலஜி.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சது, ஆனா பாண்டியண்ணே அரை நொடி பிந்தித்தான் போட்டார்னு எனக்கு இன்னும் சந்தேகம்.