ஓட்டை இல்லாத பொத்தான்

உலகம் தோன்றிய நாள்முதல் மனிதர்கள் ஒருவருக்கொருவர் இரக்கம் காட்டி வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த இரக்கத்துக்கு ஒரு 'லோகோ' இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. எத்தனையோ ஞானிகள் வந்து போனார்கள். ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. இந்தப் பெருங்குறையைக் கண்டுபிடித்து நீக்கிய பெருமை எங்கள் வணிக வளாகத்துக்கே உரியது. வளாகச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையிலும், தரைத்தளத்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையிலும் நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது என் கடமை. தொடக்க விழா அன்று முன்பின் தெரியாத ஒரு மனிதரின் வேலை ஒற்றைப் பொத்தானில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சிலர் வெளியே பேசிக்கொள்வதால், உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. உண்மை என்னவென்றால், தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஆறடிக்கு நாலடி இடத்தில், ஒரு தையல்காரர் இருக்கிறார். அவர், அவர் மனைவி, ஒரு தையல் இயந்திரம் என மூன்று பேருக்கு அந்த இடம். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் நின்றாக வேண்டும். இயந்திரம் எப்போதும் நிற்பதால் சமாளித்து வந்தார்கள்.

எதிர்ப்பக்கம் முழுக்க அலுவலகக் கட்டடங்கள். காலையில் பேருந்தில் நசுங்கி இறங்கி ஓடுகிறவர்களில் தினமும் யாராவது ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் அறுந்திருக்கும். அவர் வந்து தையல்காரர் முன்னால் நிற்பார். தையல்காரர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து, கையால் துழாவி, ஏறக்குறைய அதே நிறத்தில் ஒரு பொத்தானை எடுப்பார். "ஆண்டவனே" என்று சொல்லிக்கொண்டே ஊசியில் நூல் கோப்பார். சட்டையைக் கழற்றச் சொல்லாமல், நின்ற நிலையிலேயே தைத்து, நூலைப் பல்லால் கடித்து, "போய்ட்டு வாங்க" என்பார். காசை நீட்டினால் கையைக் கட்டிக்கொள்வார்.

இப்படியே பல வருடங்கள் ஓடிவிட்டன. திட்டம் இல்லை, குழு இல்லை, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை.

இந்த இருளில்தான் ஒரு வடிவமைப்பாளர் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தார். புகைப்படம், பல்லூடகக் கலை, பிராண்டிங் ஆகிய மூன்றும் அவருக்கு மூச்சு. வந்த முதல் மாதமே மாடிச் சுவரில் ஒழுகியிருந்த கறையை எழுபது கோணங்களில் படம் எடுத்து, 'காலம்' என்று பெயரிட்டுக் கண்காட்சி வைத்தார். அதுவரை அந்தக் கறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிச் சண்டை போட்டுவந்த எங்கள் தலைவர் மெத்தைக்கடைக்காரர், அன்றுமுதல் அதைச் சுற்றிக் கயிறு கட்டினார். அடுத்து வடிவமைப்பாளர் பழுதடைந்த லிஃப்டின் முனகலைப் பதிவு செய்து ஒரு 'ஒலிச்சிற்பம்' ஆக்கினார். அதன்பின் லிஃப்டைச் சரிசெய்யும் எண்ணத்தையே நாங்கள் கைவிட்டோம். கலையைப் பழுதுபார்க்க நாங்கள் யார்?

ஒருநாள் அவருடைய மணிக்கட்டுப் பொத்தான் அறுந்தது. கீழே வந்தார். தையல்காரர் தைக்கத் தொடங்கியதும் வடிவமைப்பாளரின் கண்கள் விரிந்தன.

"அண்ணே, இது எவ்வளவு பெரிய ஸ்டோரி தெரியுமா?"

"எதுங்க?"

"இதுதான். நீங்க பண்றது."

"பொத்தான் தைக்கிறேங்க. கையை ஆட்டாதீங்க, குத்திடும்."

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குத் தைச்சிருப்பீங்க? கணக்கு ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் மேல இருக்கறவர் பார்த்துக்குவாரு."

"மேல நான்தானே இருக்கேன்? நான் பார்க்கவே இல்லையே!"

துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னார்: "அவர் மூணாவது மாடிக்கும் மேலங்க."

அடுத்த வாரமே குழு அமைத்தோம். தையல்காரரை மட்டும் அழைக்கவில்லை. விவாதப் பொருளே விவாதத்தில் வந்து உட்கார்ந்தால் பேசுவதற்குச் சங்கடமாக இருக்கும் அல்லவா?

முதல் கூட்டத்தில் பெயர். 'பொத்தான்' என்பது ரொம்பவும் பொத்தானாக இருக்கிறது என்றார் வடிவமைப்பாளர். 'இணைவு' என்று வைத்தோம். இரண்டாம் கூட்டத்தில் லோகோ. வட்டமான ஒரு பொத்தான் என்பதில் ஒற்றுமை இருந்தது. அதில் எத்தனை ஓட்டை என்பதில் சங்கம் உடைகிற நிலைக்குப் போய்விட்டது. கண்ணுக்கு இரண்டு என்பதால் இரண்டே போதும் என்றார் கண்ணாடிக்கடைக்காரர். மெத்தைக்கு நாலு மூலை என்பதால் நாலு வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தலைவர் தூங்கிப்போனார். மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் வடிவமைப்பாளர் எழுந்தார்.

"ஓட்டையே வேண்டாம். ஓட்டைன்னாலே குறை. நம்ம பிராண்டுல குறை இருக்கலாமா? சுத்தமா ஒரு வட்டம். அவ்வளவுதான்."

மெய்சிலிர்த்துக் கை தட்டினோம். அந்தச் சத்தத்தில் தலைவர் விழித்துக்கொண்டு அவரும் தட்டினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த லோகோவின்படியே, விடியற்காலைச் சாம்பல் நிறத்தில், ஐயாயிரம் பொத்தான்கள் செய்யச் சொன்னோம்.

மூன்றாம் கூட்டத்தில் அறுபத்து நாலு பக்கக் கையேடு வெளியிடப்பட்டது. நகல் எடுத்தவன் நான். இனி 'இணைவு' பொத்தான் தவிர வேறு பொத்தான் தைக்கக் கூடாது. நூலைப் பல்லால் கடிப்பது அறவே தவிர்க்கப்பட வேண்டும். நூல் கோக்கும்போது 'ஆண்டவனே' என்பது பிராண்டின் குரலோடு ஒட்டவில்லை. விரும்பினால் 'இணைவோம்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

விழாவுக்கு ஒரு கலைப்படைப்பும் வேண்டும் அல்லவா? வடிவமைப்பாளர் அந்தப் பிஸ்கட் டின்னைக் கேட்டார்.

"திரும்பக் குடுத்துடுவீங்கள்ல தம்பி? தினம் தேவைப்படும்" என்றார் தையல்காரர்.

"அண்ணே, விழா அன்னிக்கு வந்து பாருங்க. அசந்துடுவீங்க."

இது பதில் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் தையல்காரர் சிரித்துக்கொண்டே டின்னைக் கொடுத்ததால், சம்மதம் பெறப்பட்டதாக நான் பதிவேட்டில் எழுதினேன்.

விழா நாள் வந்தது. காலை ஒன்பதரை. மாடிப்படிக்கு எதிரே முப்பத்தேழு பேர் சலவைச் சட்டையில் கூடிவிட்டோம். நடுவே ஆளுயரக் கண்ணாடிப் பலகை. டின்னிலிருந்த ஆயிரத்துச் சொச்சம் பொத்தான்களும் அதில் பசை ஊற்றி நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தன. பின்னால் நிறம் மாறும் விளக்குகள். ஊசி துணியைத் துளைக்கும் ஓசை, இடி இடிப்பதுபோல் பெரிதாக்கப்பட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. நான் கண்கலங்கினேன்.

அப்போதுதான் புதிய பொத்தான் பெட்டி தையல்காரர் கைக்கு வந்தது. அவர் மனைவி ஒன்றை எடுத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"என்னங்க, இதுல ஓட்டையைக் காணோம்?"

"இருக்கும், நல்லாப் பாரு."

"நீங்கதான் பாருங்களேன். இது பொத்தானா, மாத்திரையா?"

வடிவமைப்பாளர் பொறுமையாக விளக்கினார். "அண்ணி, ஓட்டை போட்டா லோகோ உடைஞ்சிடும்."

"போடலைன்னா எப்படிங்க தைக்கிறது?"

"அது செயல்முறை. என்னோடது கான்செப்ட்."

இந்த ஆழமான உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மனிதர் மூச்சிரைக்க வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல் இருக்கப் பாடுபட்டிருந்தது தெரிந்தது. ஒரு ஃபைலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"அண்ணே, பஸ்ல ஒருத்தரோட பை மாட்டி இழுத்துடுச்சு. வயித்துக்கு நேரா இருந்த பொத்தான் போச்சு. எதிர் பில்டிங்ல பத்து மணிக்கு இன்டர்வியூ. எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க."

மணி ஒன்பது நாற்பது.

"வாங்க, இப்படி வெளிச்சத்துக்கு வாங்க" என்று தையல்காரர் எழுந்தார். அதற்குள் வடிவமைப்பாளர் கேமராவுடன் குறுக்கே பாய்ந்தார்.

"சார், நீங்கதான் எங்க முதல் பயனாளி! அப்படியே நில்லுங்க. அந்த ஃபைலை எடுங்க, வயிறு தெரியட்டும்."

"வயிறு தெரியக் கூடாதுன்னுதான் சார் வந்தேன்."

"கொஞ்சம் கவலையா பாருங்க."

"கவலையாத்தான் சார் இருக்கேன்."

"கேமராவுல வரலையே. இன்னும் கொஞ்சம்."

நாற்பது படங்கள் எடுக்கப்பட்டன. கடைசிச் சில படங்களில் கவலை மிகத் தத்ரூபமாக வந்திருக்கிறது. எடுத்து முடிக்கும்போது மணி ஒன்பது நாற்பத்தேழு.

தையல்காரர் 'இணைவு' பொத்தானில் ஊசியை அழுத்திப் பார்த்தார். ஊசிதான் வளைந்தது. பிறகு கண்ணாடிப் பலகையிடம் போனார். மூன்றாவது வரிசையில், அந்த மனிதருடைய சட்டைக்கு அளவெடுத்ததுபோல ஒரு வெள்ளைப் பொத்தான் பளபளத்தது. நகத்தால் சுரண்டினார். அசையவில்லை. பசை முதல்தரமானது.

"அண்ணே! ஆர்ட் மேல கை வைக்காதீங்க!" என்று வடிவமைப்பாளர் அலறினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. அவருக்கு நேரமாகுது."

"ஒண்ணு போனா முழுசும் போச்சுண்ணே. பேலன்ஸ் போயிடும்."

இதற்கிடையே தலைவர் பேசத் தொடங்கியிருந்தார். ஒழுங்கைக் காக்க வேண்டியவன் நான் என்பதால், அந்த மனிதரின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் பொறுங்க, தலைவர் இரக்கத்தைப் பத்திப் பேசிட்டு இருக்கார்" என்றேன். அவர் தலையாட்டினார். நல்ல பண்பாளர். ஆனால் எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டேதான் தலையாட்டினார்.

தலைவர் முடித்ததும் விளக்குகள் அணைக்கப்பட்டன. திரையில் ஒரு காணொளி ஓடியது. ஒரு கை, மிக மிக மெதுவாக, இன்னொரு கையை நோக்கி நகர்ந்தது. அது போய்ச் சேருவதற்கு நான்கு நிமிடங்கள். முப்பத்தேழு முகங்களும் திரையை நோக்கித் திரும்பியிருந்தன. நான் மட்டும் ஒரு கணம் பின்னால் திரும்பிவிட்டேன். அந்த ஒழுங்கீனத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மாடிப்படிக்கு அடியில் தையல்காரரின் மனைவி செல்ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் கத்தரியை எடுத்தார். தன் சட்டையில், நெஞ்சுக்குச் சற்றுக் கீழே இருந்த பொத்தானை 'டக்'கென்று வெட்டினார்.

"ஆண்டவனே" என்றார். கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம் அங்கேயே மீறப்பட்டது. நாலே குத்தில் தைத்தார். நூலைப் பல்லால் கடித்தார். முப்பத்தோராம் பக்கமும் போயிற்று.

"அண்ணே, உங்க சட்டை?" என்றார் அந்த மனிதர்.

"எனக்கு என்ன இன்டர்வியூவா? ஓடுங்க."

"ரோட்டைப் பார்த்து ஓடுங்க!" என்றார் மனைவி.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அவர் சாலையைக் கடந்தார். திரையில் அப்போதும் அந்தக் கை போய்ச் சேரவில்லை.

மறுநாள் ஆய்வுக் கூட்டம். 'இணைவு' திட்டத்தின் முதல் நாள் பயனாளிகள்: யாரும் இல்லை. தைக்கப்பட்ட பொத்தான் எங்களுடையது அல்ல என்பதால் அதை எங்கள் இரக்கத்தில் சேர்க்க முடியாது என்று வடிவமைப்பாளர் சுட்டிக்காட்டினார். அங்கீகாரம் இல்லாமல் இரக்கம் காட்டியது, பொது விழாவில் திறந்த சட்டையுடன் நின்றது ஆகிய இரு குற்றங்களுக்காகத் தையல்காரரிடம் விளக்கம் கேட்டு நான் கடிதம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, அதன் பின்புறத்திலேயே பதில் எழுதினார்.

'அவருக்குப் பத்து மணிக்கு நேர்காணல்.'

பதிலைக் குழு ஆராய்ந்தது. எழுத்து கோணலாக இருந்தது. ஓரத்தில் இடம் விடப்படவில்லை. ஒருமனதாக நிராகரித்தோம்.

அடுத்த திங்கட்கிழமை அந்த மனிதர் மறுபடி வந்தார். வேலை கிடைத்துவிட்டதாம். சங்கத்துக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போனார். வீட்டிலிருந்த பழைய சட்டைகளை எல்லாம் வெட்டி, அவர் மனைவி ஒரு பை நிறையப் பொத்தான் கொடுத்தனுப்பியிருந்தார். பெட்டி இல்லை, பெயர் இல்லை, நிறத்தில் கொஞ்சமும் ஒற்றுமை இல்லை. தையல்காரரின் மனைவி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "எல்லாத்துலயும் ஓட்டை இருக்குங்க!" என்று ஏதோ புதையல் கிடைத்ததுபோலச் சிரித்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். என்ன நகைச்சுவை என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

'இணைவு' இந்த ஆண்டின் சிறந்த வடிவமைப்புக்கான விருதைப் பெற்றது. விழா நாளில் வடிவமைப்பாளர் திரைக்கு அருகிலிருந்து எங்களை எடுத்த புகைப்படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி வாசலில் மாட்டியிருக்கிறோம். தையல்காரர் அதில் விழவில்லை; அவர் நின்ற இடம் இருட்டு. ஆனால் எங்கள் முப்பத்தேழு பேரையும் அது எடுத்திருக்கும் துல்லியத்தை என்னவென்று புகழ்வது! ஒவ்வொரு சட்டையின் இழையும் தெரிகிறது. கடையில் வேலை இல்லாத ஒரு மதியம், அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டையாக எண்ணினேன். ஒருவருக்கும் ஒரு பொத்தான்கூடக் குறையவில்லை. முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டிருப்பவன் நான். என்னுடையதை இரண்டு தடவை எண்ணினேன். ஏழும் இருந்தன.